க்ராஷ் பாண்டிகூட் சீடிக்குள் இருப்பது என்ன? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

பழைய விளையாட்டு சீடிகளைப் பாதுகாப்பது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபிறகு, மாமா வீட்டுப் பரணில் கிடந்த ‘க்ராஷ் பாண்டிகூட்’ விளையாட்டின் முதல் பாகத்தின் பிளேஸ்டேஷன் சீடியைத் துடைத்து, கணினியில் இமேஜாக, அதாவது சீடியின் முழு நகலாக, எடுத்துவிட்டேன். உள்ளே எஸ்0 முதல் எஸ்3 வரை நான்கு ஃபோல்டர்கள். அவற்றில் கோப்புகள் ஜோடி ஜோடியாக இருக்கின்றன. எஸ்0000003 என்ற பெயரில் ஒரு என்எஸ்எஃப், அதே பெயரில் ஒரு என்எஸ்டி. முதலாவது பெரியது, இரண்டாவது சிறியது.

பிளேஸ்டேஷனின் ‘டிம்’ வகைப் படங்களைத் தேடும் கருவியை ஓட்டினேன். ஒரு படம்கூடக் கிடைக்கவில்லை. பிறகு பைட்களைப் பதினாறடிமான எண்களாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து உருட்டிப் பார்த்தபோது, 65,536 பைட்டுக்கு ஒருமுறை 34 12 என்ற இரண்டு பைட்கள் திரும்பத் திரும்ப வந்தன. அந்த அளவிலேயே வெட்ட ஒரு பைத்தான் நிரல் எழுதினேன். சில கோப்புகள் சரியாக வெட்டுப்படுகின்றன. சிலவற்றில் முதல் துண்டிலேயே 34க்குப் பதில் 35 இருக்கிறது, அதன்பிறகு எல்லாம் இடம் நழுவிவிடுகிறது.

இதற்கெல்லாம் எந்த ஆவணமும் வெளிவரவில்லையே, முதலில் கண்டுபிடித்தவர்கள் எங்கிருந்து தொடங்கியிருப்பார்கள்? நான் எங்கே தவறுகிறேன்?

அன்புடன்,
எம்., திருச்சி

*

அன்புள்ள எம்.,

பரணில் கிடந்த சீடி இன்னும் படிக்க முடிகிற நிலையில் இருந்ததே பெரிய சந்தோஷம். அந்த இமேஜை இரண்டு இடங்களில் பத்திரமாக வைத்துவிடுங்கள். மற்ற வேலையெல்லாம் அதற்கப்புறம்தான்.

நீங்கள் பாதி தூரம் வந்துவிட்டீர்கள். 65,536 என்ற எண்ணைக் கண்ணாலேயே பிடித்திருக்கிறீர்கள். ஆனால் அது ஏன் அந்த எண் என்று கேட்பதற்குள் வெட்ட ஆரம்பித்துவிட்டீர்கள். இத்தனை வருடத்தில் நான் உறுதியாக நம்புவது ஒன்று உண்டு: கோப்பைப் பிரிக்கும் முன், அது ஓடும் பெட்டியை, இங்கே பிளேஸ்டேஷனை, படிக்க வேண்டும். வெளியாள் ஒருவர் திறந்து பார்ப்பார் என்ற நினைப்பே இந்தக் கோப்பை வடிவமைத்தவருக்கு இருந்திருக்காது. அவர் முன்னால் இருந்தது போதாத நினைவகமும் மெதுவான சீடி டிரைவும். அவற்றோடு மல்லுக்கட்டியதன் தடம்தான் உங்கள் ஹெக்ஸ் எடிட்டரில் தெரிகிறது.

கணக்கைப் பாருங்கள். பிளேஸ்டேஷனின் முதன்மை நினைவகம் 2 எம்பி. சீடியில் செக்டார் எனும் ஒரு சிறு பிரிவின் தரவு 2,048 பைட். இரட்டை வேகத்தில் அந்த டிரைவ் ஒரு வினாடிக்கு 150 செக்டார் படிக்கும். இப்போது உங்கள் 65,536ஐ 2,048ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 32 செக்டார் வரும். 2 எம்பியை 65,536ஆல் வகுத்தாலும் 32தான். அதாவது ஒரு துண்டைப் படிக்க ஒரு வினாடியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நேரம் ஆகும், நினைவகத்தில் அதிகபட்சம் 32 துண்டுகளுக்கு இடமுண்டு. விளையாட்டின் நிரலுக்கும் அதில் இடம் வேண்டும் என்பதால் உண்மையில் அதைவிடக் குறைவு.

1996இல் வெளிவந்த இந்த விளையாட்டுக்காக, அதை உருவாக்கிய நாட்டி டாக் நிறுவனத்தின் ஆண்டி கேவின் கட்டியது இந்த ஏற்பாடு. அதை அவரே பிற்பாடு விளக்கியும் எழுதியிருக்கிறார். விளையாட்டின் ஒரு கட்டத்தின் (லெவலின்) தரவு முழுவதும் 2 எம்பிக்குள் அடங்காது. அதனால் அதை 64 கேபி பக்கங்களாக வெட்டி, நாயகன் க்ராஷ் ஓட ஓட முன்னால் வேண்டிய பக்கங்களைச் சீடியிலிருந்து இழுத்துக்கொண்டு, தேவை முடிந்தவற்றைக் கழற்றிவிடுகிறார். பெரிய கணினிகளின் மெய்நிகர் நினைவகம் செய்கிற அதே வேலை. ஆகவே நீங்கள் வைத்திருப்பதை ஜிப் போன்ற ஒரு தொகுப்பாக நினைக்க வேண்டாம். என்எஸ்எஃப் என்பது பக்கங்களின் வரிசை, என்எஸ்டி அதன் பொருளடக்கம். இது மனதில் பதிந்துவிட்டால் மற்றது ஒவ்வொன்றாகப் பிடிபடும்.

ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். முதல் இரண்டு பைட் 34 12. இந்தப் பெட்டியில் சிறிய பைட் முன்னால் வரும் என்பதால் அதை 1234 என்று படிக்க வேண்டும், யாரோ விரலுக்கு வந்ததை அடித்து வைத்த அடையாள எண். அடுத்த இரண்டு பைட் பக்கத்தின் வகை. 0 என்றால் சாதாரணப் பக்கம், 1 என்றால் படப் பக்கம். மற்ற எண்கள் ஒலிக்கானவை.

சாதாரணப் பக்கத்தில் அதற்கடுத்து நான்கு பைட்டில் பக்கத்தின் எண், நான்கு பைட்டில் உள்ளே எத்தனை உருப்படிகள் (மாடல், நிரல் போன்ற தரவுத் துண்டுகள்) என்ற கணக்கு, நான்கு பைட்டில் சரிபார்ப்புத் தொகை. பிறகு ஒவ்வோர் உருப்படியும் எங்கே தொடங்குகிறது என்ற அட்டவணை. இந்த அட்டவணையில் ஒரு இடத்தில் கவனம் வேண்டும். பத்து உருப்படி இருந்தால் பதினொரு எண்கள் இருக்கும். கடைசி எண் எதன் தொடக்கமும் இல்லை, பத்தாவது உருப்படியின் முடிவு அது. நான் முதன்முதலில் இதைச் செய்தபோது பத்தோடு நிறுத்திக்கொண்டேன். கடைசி உருப்படியின் நீளத்தை உத்தேசமாகப் போட்டேன். அதனால் ஒரு வாரம் வீணாயிற்று.

எண்கள் குறிக்கும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். ஒவ்வோர் உருப்படியும் எஃப்எஃப் எஃப்எஃப் 00 01 என்று தொடங்க வேண்டும். எல்லாவற்றிலும் அப்படி இருந்தால் உங்கள் வாசிப்பு சரி. ஒன்றில் இல்லையென்றாலும் எங்கோ தப்பு, மேலே போகாதீர்கள்.

பக்கத்தின் எண்கள் 1, 3, 5 என்று ஒற்றைப்படையாகவே போவதைக் கவனித்தீர்களா? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. இந்தச் செயலியில் நான்கு பைட் தரவுகளின் முகவரி எப்போதும் நான்கின் மடங்கு, அதாவது இரட்டைப்படை. பொருளடக்கத்தில் ஓர் இடத்தில் ஒற்றைப்படை எண் இருந்தால் ‘இன்னும் சீடியில்தான் இருக்கிறது’ என்று பொருள். பக்கம் வந்து இறங்கியதும் அதே இடத்தில் நினைவக முகவரியை எழுதிவிடலாம். தனியாக ஓர் அடையாளக் குறி தேவையில்லை, கடைசி ஒரு பிட்டே இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடும். நான்கு பைட்டைக்கூட வீணாக்காத இந்தச் சிக்கனத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை வருகிறது.

சரி, உங்கள் 35க்கு வருவோம். 35 12 என்று தொடங்கினால் அது சுருக்கப்பட்ட பக்கம். கட்டம் தொடங்கும்போது மொத்தமாக வேண்டிய பக்கங்கள் கோப்பின் முன்பகுதியில் சுருக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. சுருக்கிய பக்கம் 65,536 பைட்டைவிடக் குறைவாகத்தானே இடம் பிடிக்கும்? அதனால்தான் அடுத்த பக்கம் முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. உங்கள் வெட்டுக் கத்தி நழுவுவது அங்கேதான். விரித்தபிறகு ஒவ்வொன்றும் மறுபடி சரியாக 65,536 ஆகிவிடும்.

காரணம் என்ன என்றால், நான் புரிந்துகொண்டது இது: கட்டம் ஏற்றப்படும் நேரத்தில் திரையில் ஒரு படத்தைக் காட்டிக்கொண்டு, செயலி சும்மா இருக்கிறது. அப்போது விரிக்க நேரமுண்டு, சீடியிலிருந்து குறைவாகப் படித்தால் காத்திருப்பும் குறையும். க்ராஷ் ஓட ஆரம்பித்துவிட்டால் செயலிக்கு மூச்சுவிட நேரமில்லை, அதனால் மீதிப் பக்கங்கள் சுருக்கப்படாமல் இருக்கின்றன.

விரிக்கும் முறை எளிது. தலைப்பு 12 பைட்: அடையாளம் 35 12, இரண்டு பூஜ்ய பைட்கள், பிறகு விரித்தால் வரும் நீளம் நான்கு பைட்டில், தாண்ட வேண்டிய தூரம் நான்கு பைட்டில். அதற்கப்புறம் ஒரு பைட்டைப் படியுங்கள். அது 128க்குக் குறைவு என்றால், அடுத்து வரும் அத்தனை பைட்களை அப்படியே நகலெடுங்கள். 128 அல்லது அதற்கு மேல் என்றால், 128ஐக் கழித்துவிட்டு இன்னொரு பைட் படியுங்கள். அந்த இரண்டாவது பைட்டின் கடைசி மூன்று பிட் நீளத்தைச் சொல்லும், மற்ற ஐந்து பிட்டும் முதல் பைட்டில் மிஞ்சிய ஏழு பிட்டும் சேர்ந்து எவ்வளவு தூரம் பின்னால் போக வேண்டும் என்று சொல்லும். நீளம் 7 என்று வந்தால் 64 பைட், இல்லையென்றால் வந்த எண்ணோடு 3 கூட்டிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே எழுதிய இடத்துக்குப் பின்னால் போய் அத்தனை பைட்டை ஒவ்வொன்றாக நகலெடுக்க வேண்டும். மொத்தமாக ஒரே அடியில் நகலெடுத்தால் பிசகும். தூரம் 1, நீளம் 64 என்று வரும்போது, இப்போதுதான் எழுதிய பைட்டையே அடுத்த முறை படிக்க வேண்டியிருக்கும்.

சொன்ன நீளம் நிறைந்ததும், தாண்டச் சொன்ன அளவு தாண்டி, பக்கம் 65,536 ஆகும்வரை மீதியை அப்படியே சேர்த்துக்கொள்ளுங்கள். விரித்த பக்கம் 34 12 என்று தொடங்கினால் நிம்மதி. அதோடு நிற்காமல் சரிபார்ப்புத் தொகையையும் போட்டுப் பாருங்கள்: பதினாறடிமான எண்ணில் 12345678 என்று தொடங்கி, ஒவ்வொரு பைட்டையும் கூட்டி, கூட்டும்போதெல்லாம் மூன்று பிட் இடப்பக்கம் சுழற்ற வேண்டும். தொகை எழுதியிருக்கும் நான்கு பைட்டை மட்டும் கூட்டக் கூடாது, சுழற்சி அங்கும் உண்டு. விடை பொருந்தினால் நீங்கள் விரித்ததில் ஒரு பைட்கூடப் பிசகவில்லை.

அடுத்து, படம் ஏன் கிடைக்கவில்லை? டிம் வடிவத்துக்கு ஒரு தலைப்பு உண்டு, 10 00 00 00 என்று தொடங்கும். உங்கள் கருவி அதைத்தான் தேடுகிறது. இங்கே படப் பக்கம் எந்த உறையும் இல்லாமல், காட்சி நினைவகத்தில் எப்படி உட்காருமோ அப்படியே இருக்கிறது. 512 பைட் அகலம், 128 வரி. பெருக்கினால் மறுபடி 65,536.

இதைக் கையால் செய்து பாருங்கள். வகை 1 உள்ள பக்கத்தைத் தனிக் கோப்பாக எடுத்து, கிம்ப் மென்பொருளில் வெறும் தரவாக, சாம்பல் நிறத்தில் திறவுங்கள். அகலம் 500 என்று வையுங்கள். எல்லாம் சாய்ந்து, மழைக் கோடு மாதிரி தெரியும். 505, 510 என்று ஏற்றிக்கொண்டே போனால் சாய்வு குறையும். 512 வந்ததும் கல்லும் இலையும் மரப்பட்டையும் நிமிர்ந்து நின்றுவிடும். முதல் வரியின் இடது ஓரத்தில் சம்பந்தமில்லாத சில புள்ளிகள் இருக்கும். அது பக்கத்தின் தலைப்பு, படத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலான படங்கள் அகலத்தில் பாதியாக நசுங்கித் தெரிந்தால் பயப்படாதீர்கள். ஒரு பைட்டில் இரண்டு புள்ளிகளை அடக்கியிருக்கிறார்கள், கீழ்ப்பாதி நான்கு பிட் இடப்பக்கப் புள்ளி. பிரித்துப் போட்டால் 1,024 புள்ளி அகலம் வரும். நிறங்களுக்கான 16 வண்ணத் தட்டு, 32 பைட், அதே பக்கத்துக்குள்தான் எங்காவது இருக்கும். எந்தப் படத்துக்கு எந்தத் தட்டு என்ற விவரம் மாடல்களுக்குள் இருக்கிறது, அதனால் நிறத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

கடைசியாக, பெயர்கள். ஒவ்வோர் உருப்படியிலும் எஃப்எஃப் எஃப்எஃப் 00 01க்கு அடுத்த நான்கு பைட் அதன் பெயர். க்ராஷை இயக்கும் நிரல் உள்ள உருப்படியில் அந்த நான்கு பைட் சிடி ஏஏ 92 74. பின்னாலிருந்து சேர்த்துப் படித்தால் 195,57,69,037. இதுவும் ஒற்றைப்படை. ஒன்றைக் கழித்துப் பாதியாக்கினால் 97,78,84,518. இதைப் பள்ளிக்கூடத்தில் செய்ததுபோல 64ஆல் திரும்பத் திரும்ப வகுத்து மீதியை எழுதுங்கள்: 38, 21, 21, 18, கடைசியில் 58. இப்போது 0 முதல் 9, ஆங்கிலச் சிறிய எழுத்து 26, பெரிய எழுத்து 26, அடிக்கோடு, ஆச்சரியக்குறி என்று 64 குறிகளை வரிசையாக எழுதி, மீதிகளைப் பின்னாலிருந்து முன்னால் வைத்துப் பாருங்கள். 58 பெரிய டபிள்யூ, 18 ஐ, 21 எல், 21 எல், 38 பெரிய சி. ‘வில்’, பின்னால் ஒரு சி. அந்த சி, இது நிரல் என்பதற்கான குறி. வில் யார்? க்ராஷுக்குத் தயாரிப்புக் காலத்தில் இருந்த பெயர் வில்லி த வோம்பாட். அட்டையிலும் விளம்பரத்திலும் பெயர் மாறிவிட்டது, சீடிக்குள் மட்டும் அவன் இன்னும் வில்லிதான்.

இதையெல்லாம் செய்துதரும் க்ராஷ்எடிட் என்ற மென்பொருள் இருக்கிறது. ஆனால் ஒரு என்எஸ்எஃப்பையாவது உங்கள் பைத்தான் நிரலாலேயே முழுசாகப் பிரித்துவிட்டு, அதன்பிறகு அதில் திறந்து ஒப்பிடுங்கள். உங்களுடைய அடுத்த விளையாட்டுக்கு அப்படி ஒரு மென்பொருள் இருக்காமல் போகலாம். பிரித்த படங்களையும் ஒலிகளையும் பொதுவில் பகிர வேண்டாம், அவை விளையாட்டின் உரிமையாளர்களுடையவை. உங்கள் குறிப்புகளை மட்டும் தாராளமாக எழுதிப் போடுங்கள், தமிழிலேயே.

என்எஸ்டியின் முதல் 1,024 பைட் 256 எண்கள் கொண்ட ஓர் அட்டவணை. எதற்காக இருக்கும் என்று யோசித்துவிட்டு எழுதுங்கள், அங்கிருந்து தொடர்வோம்.

அன்புடன்.