100 மெகாஹெர்ட்ஸ் ஆக்கியும் அலை மாறவில்லையா?

மின் அலையைத் திரையில் காட்டும் ரைகோல் டிஎஸ்1054இசட் ஆசிலோஸ்கோப்பின் பேண்ட்விட்த்தை (எவ்வளவு வேகமான அலை வரை சரியாகக் காட்டும் என்ற வரம்பை) 50 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100க்கு உயர்த்தியும் சதுர அலையின் விளிம்பு அப்படியே சாய்ந்து கிடக்கிறது என்கிறீர்கள். முதலில் புரோபை, அதாவது சர்க்யூட்டைத் தொட்டு அளக்கும் வயரைப் பாருங்கள். அதன் ஸ்விட்ச் 1எக்ஸில் (சிக்னலைக் குறைக்காமல் அனுப்பும் நிலை) இருந்தால் பேண்ட்விட்த் வெகுவாகக் குறைந்துவிடும், 10எக்ஸுக்குத் (பத்தில் ஒரு பங்காக்கி அனுப்பும் நிலை) தள்ளுங்கள். சேனல் மெனுவில் 20 மெகாஹெர்ட்ஸ் வரம்பு போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

அப்புறம் ஏறும் நேரத்தை, அதாவது விளிம்பு 10 சதவீதத்திலிருந்து 90 சதவீதத்துக்கு ஏற எடுக்கும் நேரத்தை, அளந்து பாருங்கள். 0.35ஐ பேண்ட்விட்த்தால் வகுத்தால் ஸ்கோப் காட்டக்கூடிய ஏறும் நேரம் கிடைக்கும்: 50 மெகாஹெர்ட்ஸுக்கு 7 நானோசெகண்ட், 100க்கு 3.5. ஸ்கோப்பின் முகப்பில் உள்ள 1 கிலோஹெர்ட்ஸ் முனை இதற்கு உதவாது, அது புரோபைச் சரிசெய்யத்தான். அளக்க வேகமான விளிம்பு வேண்டும்; 74ஏசி14 என்ற லாஜிக் சிப்பின் வெளியீடு நல்ல வேகம். புரோபின் நீளமான கிரவுண்ட் வயரைக் கழற்றிவிட்டு, குட்டி ஸ்பிரிங்கை மாட்டித் தொடுங்கள். இல்லையென்றால் விளிம்பு நடுங்கும், ஸ்கோப்பைச் சந்தேகப்படுவீர்கள்.

ஒரு சேனல் மட்டும் போதும். நான்கையும் போட்டால் ஸ்கோப் அலையை அளந்தெடுக்கும் வேகம் நொடிக்கு 1 ஜிகாசாம்பிள் (நூறு கோடி முறை) என்பது 250 மெகாசாம்பிளாகக் (25 கோடி முறை) குறைந்துவிடும்.