சவ்வு வடிகட்டி இருக்கும்போது படிகாரம் எதற்கு?

கேள்வி: சிங்கப்பூரின் செஸ்ட்நட் அவென்யூ நிலையத்தில் நீர்த்தேக்கத்து நீரைச் சவ்வு வழியே வடிகட்டிக் குடிநீராக்குவதாகப் படித்தேன். பாக்டீரியாவையே தடுக்கும் சவ்வு இருந்தால், ஆற்று நீரில் படிகாரம் கலக்கும் பழைய முறையைக் கைவிட்டுவிடலாம் அல்லவா?
– வாசகி, ஈரோடு

பதில்: கைவிட முடியாது, சவ்வு வந்த பிறகு படிகாரத்தின் வேலை இன்னும் நுட்பமாகிறது என்றே சொல்ல வேண்டும். ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள களிமண் துகள், அசைவற்ற நீரிலும் ஒரு மீட்டர் ஆழம் இறங்கப் பத்து நாட்களுக்கு மேலாகும். இத்தகைய துகள்கள் எதிர்மின் ஏற்றம் கொண்டு ஒன்றையொன்று விலக்குவதால், தாமாகச் சேர்ந்து கனப்பதும் இல்லை. படிகாரத்திலுள்ள அலுமினியம் அந்த ஏற்றத்தைத் தணிப்பதோடு, தானும் பஞ்சு போன்ற வீழ்படிவாகித் துகள்களைத் தன்னுள் சிக்கவைத்துத் திரளாக்குகிறது. பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலங்கல் நீரைத் தெளியவைத்த நம் முன்னோரும் இந்தத் திரட்டலைத்தான் செய்தார்கள்.

ஆறு, ஏரி போன்ற மேற்பரப்பு நீருக்குப் பயன்படும் அல்ட்ரா ஃபில்ட்ரேஷன் (நுண்வடிகட்டல்) சவ்வின் துளைகள் ஏறத்தாழ 0.01 முதல் 0.1 மைக்ரான் வரை இருக்கும். களிமண்ணும் பாக்டீரியாவும் அதில் தங்கிவிடும். ஆனால் இலைதழைகள் மட்கி நீரில் கரைந்து, அதற்குத் தேநீர் நிறம் தரும் மட்குப் பொருள்களில் பெரும்பகுதி அந்தத் துளைகளிலும் நழுவிவிடும். எஞ்சியது துளைகளுக்குள் ஒட்டி அடைப்பை உண்டாக்கும். நழுவிய பகுதி, கிருமிகளைக் கொல்லக் கலக்கும் குளோரினோடு வினைபுரிந்து, குளோரோஃபார்ம் முதலிய டிரைஹாலோமீத்தேன்கள் என்ற தீங்கான சேர்மங்களை உருவாக்குகிறது என்பதை 1974இல் நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் நீர் வேதியியலாளர் ஜொஹானஸ் ரூக் எடுத்துக்காட்டினார். சவ்வுக்கு முன்பே படிகாரத்தையோ, அதைப் போலவே திரளாக்கும் பாலி அலுமினியம் குளோரைடு என்ற அலுமினிய உப்பையோ கலந்தால், கரைந்த அப்பொருள்களில் கணிசமான பங்கு திரளோடு ஒட்டிச் சவ்வின் மேற்பரப்பிலேயே நின்றுவிடும். திரள்களாலான படலம் தளர்வானது என்பதால், எதிர்த்திசையில் நீரைச் செலுத்திக் கழுவும்போது எளிதில் பெயர்ந்து போகும். துளைக்குள் புகுந்த அழுக்குக்கோ ரசாயனக் கழுவல் தேவைப்படும்.

அளவுதான் இதில் உயிர்நாடி. படிகாரம் குறைந்தால் திரள் உருவாகாது. சில நிலைகளில் மிகுந்தால் துகள்களின் ஏற்றம் நேர்மின்னாக மாறி, அவை மீண்டும் பிரிந்து மிதக்கும். மழைக்குப் பின் ஆற்றின் கலங்கல் சில மணி நேரத்தில் மாறிவிடுவதால், சில கண்ணாடிக் குவளைகளில் வெவ்வேறு அளவு படிகாரம் கலந்து பார்க்கும் ஜார் டெஸ்டை அப்போது உடனே மறுபடியும் செய்ய வேண்டும். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1993 வசந்த காலத்தில், மிச்சிகன் ஏரி நீரின் தன்மை மாறியபோது திரட்டல் அதற்கு ஈடுகொடுக்காமல் போகவே, மணல் வடிகட்டியையும் தாண்டிக் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குழாய்களுக்குள் சென்று, ஏறத்தாழ 4,03,000 பேர் நோயுற்றனர் என மதிப்பிடப்பட்டது. வழக்கமான குளோரின் அளவுக்கு அது அசையாது. ஆனால் 4 முதல் 6 மைக்ரான் அளவுள்ள அதைக் கிழிசலற்ற சவ்வு தடுத்துவிடும். திரட்டல் பிசகும் நாளிலும் மக்களைக் காக்கும் இந்த அரணுக்காகவே, சவ்வுக்கு ஆகும் கூடுதல் செலவு தகும் என்று நான் கருதுகிறேன்.

கேள்வி: மழைக்காலத்தில் கலங்கி வரும் குழாய் நீரில் படிகாரக் கட்டியைச் சுழற்றித் தெளியவைத்துக் குடிக்கிறோம். இது போதுமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: போதாது, ஐயா. தெளிந்த நீரிலும் கிருமி இருக்கும். கட்டியைச் சிறிது நேரமே சுழற்றி, அடிமண்டியைக் கலக்காமல் மேல்நீரை இறுத்துத் துணியில் வடிகட்டி, நன்றாகக் கொதிக்கவைத்து ஆறிய பிறகே குடியுங்கள். குடிநீரில் அலுமினியம் லிட்டருக்கு 0.03 மில்லிகிராமுக்குள் இருப்பதே ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாதபோது 0.2 வரை அனுமதிக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுவதால், நீர் தெளியவில்லையே என்று கட்டியை மேலும் மேலும் கரைக்க வேண்டாம்.