ஹீட்டரை அணையுங்கள், ஜிமிக்கி தானே காயும்

கேள்வி: மதுரையிலிருந்து கல்யாணமாகி டெல்லி மயூர் விஹாருக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஊரில் செய்துவந்த டெரகோட்டா நகைகளை இங்கேயும் செய்து விற்கிறேன். டிசம்பர் பிறந்தால் கை ஓடுவதில்லை அக்கா. மண் காயவில்லையே என்று ரூம் ஹீட்டர் முன்னால் வைத்தேன். பாதி ஜிமிக்கி விரிசல் விட்டுவிட்டது. போன வருஷம் பூசிய பெயின்ட் உரிகிறது. புது டிசைனும் தோன்றவில்லை. ‘ஹோலி வரைக்கும் மூடி வை’ என்கிறார் கணவர். மூடிவிடட்டுமா?

பதில்: மூடாதீர்கள் தங்கையே. ஹீட்டரை மட்டும் அணையுங்கள்.

குளிரில் மண் மெதுவாகக் காய்வது கெடுதல் இல்லை, உங்களுக்கு லாபம். காயும்போது மண் சுருங்கும். ஹீட்டர் அனலில் மேல்தோல் முந்திக்கொண்டு சுருங்குகிறது, உள்ளே ஈரம் அப்படியே நிற்கிறது. இழுபறியில் விரிசல் விழுகிறது. ஜிமிக்கியில் குடை மெல்லிசு, மேலே கொண்டை தடிமன். உங்களுடையவை அந்த ஒட்டில்தான் பிளந்திருக்கும், பாருங்கள். மதுரை வெயிலிலும் நிழலில்தானே உலர்த்தியிருப்பீர்கள்? இங்கே வந்ததும் அதை மறந்துவிட்டீர்கள்.

முதல் இரண்டு நாள் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, மூடியைக் கொஞ்சம் திறந்து விடுங்கள். பிறகு மாவு சல்லடையைக் கவிழ்த்து அதன்மேல் பரப்பினால் அடியிலும் காற்று போகும். மூடுபனி நாட்களில் பத்து நாள்கூட ஆகலாம், ஆகட்டும். ஈரம் இருந்தால் சில்லென்று தெரியும் என்று கன்னத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் இருந்தால் ஜனவரியில் அது ஏமாற்றும். டெல்லியில் அப்போது எல்லாமே சில்லென்றுதான் இருக்கும். சமையலறைத் தராசில் ஒரு தட்டு நகையை மொத்தமாக எடை போட்டு எழுதி வையுங்கள். இரண்டு நாளாக எடை இறங்கவில்லை என்றால் காய்ந்துவிட்டது. ஒரு மதியம் வெயில் காட்டிவிட்டுச் சுடக் கொடுக்கலாம். உள்ளே ஈரம் மிச்சம் இருந்தால் சூளையில் அது ஆவியாகி நகையை வெடிக்க வைத்துவிடும்.

சுடுவதற்கு மொட்டை மாடியில் வரட்டி மூட்டம் வேண்டவே வேண்டாம். குளிர்காலப் புகையில் மூச்சுத் திணறும் ஊர் இது, திறந்த வெளியில் எரிப்பதற்குத் தடையும் உண்டு. மேற்கு டெல்லி உத்தம் நகரில் குயவர் குடியிருப்பு இருக்கிறது, கும்ஹார் கிராம் என்பார்கள். தீபாவளி அகல் விளக்கு அவசரம் முடிந்திருக்கும். சூளை வைத்திருப்பவரிடம் பேசிப் பாருங்கள். உங்களுக்கு வேண்டியது ஒரு மூலைதானே.

பெயின்ட் உரிவது உங்கள் கைக்குறை இல்லை. அக்ரிலிக் பெயின்ட் சுமார் 10 டிகிரிக்குக் கீழே சரியான படலமாகப் பிடிக்காது. ஜனவரி இரவில் இங்கே 7 டிகிரி சர்வசாதாரணம், சில நாள் 4-க்கும் இறங்குகிறது. ராத்திரி பாத்திரம் கழுவி முடித்துவிட்டுத்தானே பூச உட்காருகிறீர்கள்? காலை பதினொன்றிலிருந்து மதியம் மூன்று வரைதான் உங்கள் தொழில் நேரம் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். சமையல் அதற்கு முன்னால் முடியட்டும், இல்லையென்றால் கணவர் முடிக்கட்டும். மண் பிசைய வெதுவெதுப்பான தண்ணீர் எடுங்கள், விரல் மரத்துப்போகாது. மண் உருண்டையை ராத்திரி அடுப்பங்கரையில் வையுங்கள்.

நான் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் கொடியில் போட்ட புடவை மூன்று நாள் காயவில்லை என்று அழுதவள். எதிர்வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி என்னைப் புல்வெளிக்கு இழுத்துப்போய், கையில் இரண்டு ஊசியைக் கொடுத்து, ‘ஏக் சீதா, ஏக் உல்டா’ (ஒரு கண்ணி நேர், ஒரு கண்ணி தலைகீழ்) என்று ஸ்வெட்டர் பின்னச் சொல்லிக் கொடுத்தார். முதல் ஸ்வெட்டரில் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. அந்தப் பெண்கள் யாரும் வீட்டுக்குள் உட்கார்ந்து பின்னவில்லை. வெயில் நகர நகர பாயையும் நகர்த்திக்கொண்டே பின்னினார்கள்.

டிசைன் தோன்றவில்லை என்கிறீர்கள். யமுனையைத் தாண்டினால் நிஜாமுதீனில் ஹுமாயூன் கல்லறை. ஒரு மதியம் போய் அதன் துளையிட்ட கல் ஜன்னல்களை, ஜாலி என்பார்கள், அவற்றை மட்டும் பாருங்கள். அறுகோணமும் நட்சத்திரமுமாகப் பின்னிக் கிடக்கும். நோட்டில் ஊடுபுள்ளி வைத்து அந்த அறுகோணங்களைப் போட்டுப் பாருங்கள், அப்படியே உட்காரும். மார்கழிக் கோலம் போட்ட கை உங்களுடையது, அதற்கு இது புதிதில்லை. ராத்திரி ரஜாய்க்குள், அதாவது பஞ்சுப் போர்வைக்குள், கால் நீட்டிக்கொண்டு இருபது காதணி வரையலாம், விரல் நனையாது. அதில் மூன்று தேறினால் போதும்.

வாடிக்கையாளர்களிடம் டிசம்பர், ஜனவரி ஆர்டருக்கு மூன்று வாரம் ஆகும் என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். அதற்குள் வேண்டும் என்பவர் வேறு இடத்தில் வாங்கட்டும்.

விரிசல் விட்ட ஜிமிக்கிகளைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். சுடாத மண்தானே? முழுக்கக் காயவிட்டு, நொறுக்கித் தண்ணீரில் ஊறப்போட்டால் கரைந்து மறுபடி களிமண்ணாகிவிடும். வாளியை மட்டும் பால்கனியில் வைக்காதீர்கள்; காலையில் அந்தத் தண்ணீரில் கை வைத்தால் என்னைத்தான் திட்டுவீர்கள்.