170ஆம் பக்கத்தில் நிற்கும்போது (கடிதமும் பதிலும்)

வணக்கம் சார்,

ஒரு பதிப்பகத்துக்காக ஆங்கில வாழ்க்கை வரலாறு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். 480 பக்கம். பேசிய தொகை 1,20,000 ரூபாய். முன்பணம் 60,000, டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) போக 54,000 கைக்கு வந்தது. ஜனவரி புத்தகக் காட்சிக்கு வரவேண்டிய புத்தகம் என்பதால் அக்டோபர் கடைசிக்குள் முடித்துத் தர வேண்டும். இதுவரை 170 பக்கம் ஆகியிருக்கிறது. இப்போது ஒரு கல்லூரியில் வேலை கிடைத்துவிட்டது. செப்டம்பர் முதல் தேதி சேர வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்ய என்னால் ஆகாது. பதிப்பாளர் நல்ல மனிதர், என்னை நம்பி முதல் பெரிய வேலையைக் கொடுத்தவர். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாமா? அல்லது வேலையில் சேர்ந்த பிறகு நிலைமையைப் பார்த்துச் சொல்லலாமா?

க., தஞ்சாவூர்

அன்புள்ள க.,

வேலை கிடைத்ததற்கு வாழ்த்துகள். இந்த வாரமே அவரிடம் சொல்லிவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருடங்களுக்கு முன் ஒரு மொழிபெயர்ப்பைப் பாதியில் நிறுத்தினேன். நிறுத்திவிட்டேன் என்று சொல்லவில்லை. பதிப்பாளர் போன் செய்தால் எடுக்க மாட்டேன். இரண்டு நாள் கழித்து 'ஊரில் இல்லை' என்று ஒரு செய்தி அனுப்புவேன். ஒன்றரை மாதம் இப்படியே போனது. ஒரு மழைநாளில் அவர் வீட்டுக்கே வந்துவிட்டார். குடையை வாசல் திண்ணையில் சாய்த்து வைத்துவிட்டு, பையிலிருந்து பாலிதீன் உறையில் சுற்றிய ஒரு தாளை எடுத்துக் காட்டினார். புத்தகத்தின் அட்டை. தலைப்புக்குக் கீழே என் பெயர். முன்வெளியீட்டுத் திட்டத்தில் வாசகர்களிடம் பணமும் வாங்கியிருந்தார். "முடியலன்னா ஆகஸ்ட்லயே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. என் வீட்டில் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுத்தான் போனார். அதன் பிறகு அவர் எனக்கு வேலை கொடுக்கவில்லை. நான் வேலையை விட்டதை அவர் மன்னித்திருப்பார் என்றே நினைக்கிறேன். அந்த ஒன்றரை மாதத்தை மன்னிக்க அவருக்கு எந்தக் காரணமும் இல்லை.

பதிப்பாளர் பக்கத்திலிருந்து காலண்டரைப் பாருங்கள். அக்டோபரில் நீங்கள் கொடுத்தால் நவம்பர் முழுக்க மெய்ப்புத் திருத்தமும் எடிட்டிங்கும். டிசம்பரில் அச்சகங்களில் எல்லாப் பதிப்பகங்களின் வேலையும் மொத்தமாக வந்து குவியும். வரிசையில் இடம் கிடைப்பதே பெரும்பாடு. மொழிபெயர்ப்பு உரிமைக்கும் கெடு உண்டு. வெளிநாட்டுப் பதிப்பகங்கள் பெரும்பாலும் 18 மாதம், 24 மாதம் என்று வரையறுத்துத்தான் கொடுக்கும். அதற்குள் புத்தகம் வராவிட்டால் உரிமை போய்விடலாம், கட்டிய பணமும் சேர்ந்து போகும். இன்று சொன்னால் 310 பக்கத்துக்கு இன்னொருவரைத் தேட அவருக்கு மூன்று மாதம் இருக்கிறது. செப்டம்பர் பாதியில் சொன்னால் ஆறு வாரம். ஆறு வாரத்தில் 310 பக்கத்தை யாரும் நன்றாகச் செய்ய முடியாது. 'நிலைமையைப் பார்த்துச் சொல்கிறேன்' என்று நீங்கள் எடுத்துக்கொள்ள நினைப்பது அவருடைய நாட்களை.

அப்பாவை இதில் இழுக்காதீர்கள். தமிழ்ப் பதிப்புலகம் ரொம்பச் சின்னது. ஜனவரியில் கண்காட்சியில் அவருடைய அரங்கு வாசலில் உங்களைப் பார்த்ததும், நல்ல மனிதர் என்கிறீர்களே, அவர் முதலில் கேட்கப்போவது "அப்பா எப்படிம்மா இருக்காங்க?" என்றுதான். அந்த நேரத்தில் நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? நிரந்தர வருமானம் வருகிறது, அதனால் விலகுகிறேன் என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மொழிபெயர்ப்பை நம்பி மட்டும் குடும்பம் நடத்த முடியாது என்பது உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

முதலில் போனில் பேசுங்கள். வாட்ஸ்அப்பில் சொல்ல வேண்டாம். "சார், எனக்குக் கல்லூரியில வேலை கிடைச்சிருக்கு. செப்டம்பர் ஒண்ணாம் தேதி சேரணும். புத்தகத்தை என்னால முடிச்சுத் தர முடியாது. இன்னைக்கே சொல்லிடணும்னு கூப்பிட்டேன்." இவ்வளவு போதும். அவர் கோபப்பட்டால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். "கொஞ்சம் டைம் எடுத்துக்கிட்டு நீங்களே முடிங்களேன்" என்று கேட்கவும் கேட்பார். இரக்கப்பட்டுச் சரி என்று சொல்லிவிடாதீர்கள், டிசம்பரில் இரண்டாம் முறை விலக நேரும். பேசிய அன்றே அதையெல்லாம் மெயிலில் எழுதி அனுப்பிவிடுங்கள்.

அதற்கு முன் ஒப்பந்தத்தை ஒருமுறை முழுக்கப் படியுங்கள். இத்தனை நாள் முன்னறிவிப்பு என்று இருந்தால் அதன்படி நடக்க வேண்டும். தனிப்பட்ட திறமையை நம்பிக் கொடுத்த வேலையை முடித்தே தீர வேண்டும் என்று நீதிமன்றம் யாரையும் உட்கார வைப்பதில்லை. ஆனால் நீங்கள் விலகியதால் நேர்ந்த நஷ்டத்தைக் கேட்கும் உரிமை, 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 73ஆம் பிரிவின்படி அவருக்கு உண்டு. நல்ல மனிதர்கள் கோர்ட்டுக்குப் போக மாட்டார்கள். அதனால் அந்த நஷ்டம் இல்லாமல் போய்விடாது.

பணக் கணக்கை அவர் கேட்பதற்கு முன் நீங்களே எழுதி அனுப்புங்கள். 480 பக்கத்துக்கு 1,20,000 என்றால் பக்கத்துக்கு 250 ரூபாய். 170 பக்கத்துக்கு 42,500. வாங்கியது 60,000, ஆகத் திருப்பித் தர வேண்டியது 17,500. கைக்கு வந்தது 54,000தானே என்று 11,500 கணக்குப் போட்டுவிடாதீர்கள். பிடித்த 6,000 உங்கள் பான் எண்ணில் வரியாக வரவாகியிருக்கிறது. ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது அது உங்களுக்குத்தான். மொத்தமாகத் தர முடியாவிட்டால் செப்டம்பர் சம்பளத்தில் பாதி, அக்டோபரில் பாதி என்று தேதி போட்டுச் சொல்லுங்கள்.

ஒப்படைப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒருவர் பாதியில் விட்ட புத்தகத்தை நான் ஏற்று முடித்திருக்கிறேன். அவர் எனக்குக் கொடுத்தது கோப்புகளையும் ஒரு 80 பக்க நோட்டையும். நோட்டில் ஒவ்வொரு ஆளின் பெயரும், ஊரின் பெயரும் தமிழில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று வரிசையாக இருந்தது. எந்த இடத்தில் 'மன்றம்', எந்த இடத்தில் 'கவுன்சில்', ஏன் என்று ஒரு வரி. கதாநாயகன் தன் அண்ணனிடம் 'நீங்கள்' என்று பேசுகிறானா 'நீ' என்றா, எந்த அத்தியாயத்திலிருந்து மாறுகிறது என்று ஒரு வரி. கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில்: "மூலத்தில் பக்கம் 213, இரண்டாம் பத்தி எனக்குப் புரியவில்லை. விட்டுவிட்டேன். மன்னிக்கவும்." அந்த ஒரு வரிக்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது. அது இல்லாவிட்டால் அந்தப் பத்தி விடுபட்டது அச்சில் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்திருக்கும். அவருக்கு வேறு வேலைகள் வந்தபோது என்னிடம் விசாரித்தவர்களிடம் தைரியமாகக் கொடுக்கலாம் என்று சொன்னேன். பாதியில் விட்டவர்தான்!

நீங்களும் அப்படி ஒரு பெயர்ப் பட்டியல் எழுதிக் கொடுங்கள். அத்தியாயத்தின் நடுவில் நிறுத்தாதீர்கள். 170ஆம் பக்கம் எங்கே விழுகிறதோ, அந்த அத்தியாயத்தை முடித்துவிடுங்கள். கூடும் பக்கங்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். உங்கள் இடத்துக்கு யாரையாவது சொல்வதானால் அந்த ஆளிடம் முதலில் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். புதியவர் சந்தேகம் கேட்டால் சனி, ஞாயிறில் பதில் சொல்கிறேன் என்று மெயிலிலேயே எழுதிவிடுங்கள்.

புத்தகத்தில் பெயர் போடும் விஷயத்தையும் இப்போதே பேசுங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 57ஆம் பிரிவின்படி, உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும் இது என் எழுத்து என்று சொல்லும் உரிமை எழுதியவருக்கு உண்டு. இருவர் பெயரும் வருவது முறை. புதியவர் உங்கள் பகுதியை அடியோடு மாற்றி எழுதுவதானால் நன்றியுரையில் ஒரு வரி போதும் என்று நீங்களே விட்டுக்கொடுங்கள். அந்த 170 பக்கத்தைப் பதிப்பாளர் பயன்படுத்தலாம் என்று கையெழுத்திட்ட கடிதம் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

பெயர்ப் பட்டியலுக்கு நான்கு மாலைகளாவது ஆகும். போன் பேசி முடித்ததும் முதல் பக்கத்திலிருந்து தொடங்கிவிடுங்கள்.