படபடப்பு அடங்குவதற்குள் ஒரு ஈசிஜி

இதயத் துடிப்புக் கோளாறுகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இதய மின்னியல் மருத்துவர்கள் பதில் அளிக்கிறார்கள்.

கேள்வி: எனக்கு வயது 34. வருடத்துக்கு நாலைந்து முறை, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். அரை மணி நேரத்தில் பட்டென்று நின்றுவிடும். ஒருமுறை வீட்டு பி.பி. மெஷினில் துடிப்பு 184 என்று காட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் சரியாகிவிடுகிறது. ஈசிஜி, எக்கோ எல்லாம் நார்மல். "டென்ஷன்தான்" என்கிறார்கள். நிஜமாகவே மனசுதான் காரணமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு சொற்கள் முக்கியமானவை: "திடீரென்று", "பட்டென்று". பதற்றத்தால் வரும் படபடப்பு மெல்ல ஏறி மெல்ல இறங்கும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு அது 184 வரை போவது அரிது. ஸ்விட்ச் போட்டதுபோலத் தொடங்கி, அணைத்ததுபோல நிற்கிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது எஸ்.வி.டி. என்ற துடிப்புக் கோளாறை. அந்த நேரத்தில் கழுத்தில் 'டக் டக்' என்று துடிப்பது தெரிகிறதா, அடங்கிய பிறகு சிறுநீர் நிறையப் போகிறதா என்று கவனியுங்கள். இருந்தால் சந்தேகம் வலுக்கிறது.

இதயத்தின் மேலறைகளிலிருந்து கீழறைகளுக்கு மின்சாரம் இறங்க ஒரே வாசல்தான் இருக்க வேண்டும், அது ஏ.வி. கணு. சிலருக்கு அந்தக் கணுவுக்குள்ளேயே இரண்டு பாதைகள் இருக்கும். சிலருக்கு வேறோர் இடத்தில் பிறவியிலேயே ஒரு குறுக்கு வழி இருக்கும். மின்சாரம் ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறி, செக்கு மாடு போலச் சுற்றத் தொடங்கினால் துடிப்பு 150 முதல் 250 வரை போகும். சுற்று எங்காவது ஒரு நொடி அறுந்தால் போதும், எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும். அதனால்தான் உங்கள் ஈசிஜி நார்மல். சாதாரண ஈசிஜி 10 நொடிப் படம்தான். கோளாறு இல்லாத நேரத்தில் எடுத்தால் கோளாறு தெரியாது. ஆனாலும் அந்தப் பழைய ஈசிஜியை ஒருமுறை திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். பி.ஆர். இடைவெளி (மேலறையிலிருந்து கீழறைக்கு மின்சாரம் வந்துசேரும் நேரம்) 0.12 நொடிக்குக் குறைந்து, கீழறை அலையின் தொடக்கம் சரிவாக இருந்தால் (இதை டெல்டா அலை என்பார்கள்) குறுக்கு வழி இருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்டவர்களுக்குச் சில மருந்துகள் ஆபத்தாகலாம்.

அடுத்த முறை வரும்போது பெரிய ஆஸ்பத்திரியைத் தேடி 20 கிலோமீட்டர் போகாதீர்கள். பக்கத்தில் ஈசிஜி மெஷின் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையமோ கிளினிக்கோ போதும். "ஊசி அப்புறம், முதலில் ஈசிஜி" என்று கேட்டு வாங்குங்கள். அந்த ஒரு தாள், மற்ற நாட்களில் எடுக்கும் பத்து எக்கோவுக்குச் சமம். 24 மணி நேர ஹோல்டர் (உடம்பில் மாட்டிக்கொண்டு ஈசிஜியைத் தொடர்ந்து பதியும் கருவி) உங்களுக்கு அதிகம் உதவாது. வருடத்துக்கு ஐந்து முறை வருவது, மாட்டிக்கொண்ட அந்த ஒரு நாளில் வர வேண்டுமே!

நிறுத்த வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சாய்ந்தபடி உட்கார்ந்து, ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்சின் முனையில் வாயை வைத்து, உள்ளே இருக்கும் தண்டு லேசாக நகரும் அளவுக்கு 15 நொடி ஊதுங்கள். ஊதி முடித்த கையோடு மல்லாந்து படுக்க, வீட்டில் ஒருவர் இரண்டு கால்களையும் 45 டிகிரி அளவுக்கு 15 நொடி தூக்கிப் பிடிக்க வேண்டும். 2015-இல் பிரிட்டனில் வெளியான ஆய்வில் இப்படிச் செய்தவர்களில் 43 சதவீதம் பேருக்குத் துடிப்பு சரியானது. உட்கார்ந்து ஊதியதோடு நிறுத்தியவர்களில் 17 சதவீதம்தான். வித்தியாசம் கால் தூக்குவதில் இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் சேர்ந்தால் இதெல்லாம் வேண்டாம், 108-ஐ அழையுங்கள்.

ஆஸ்பத்திரியில் அடினோசின் ஊசி போடுவார்கள். முழங்கை மடிப்பில் இருக்கும் பெரிய நரம்பில் 6 மி.கி. வேகமாகச் செலுத்தி, உடனே 20 மி.லி. சலைன் தள்ள வேண்டும். மருந்தின் ஆயுள் சில நொடிகள்தான். மெதுவாகப் போட்டால் இதயத்தைச் சேருமுன்பே செயலிழந்துவிடும். "ஊசி வேலை செய்யவில்லை" என்ற புகாரில் பாதி இதுதான். சில நொடிகள் உயிரே போவது போல இருக்கும், பயப்படாதீர்கள். ஆஸ்துமா இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஊசி போடும்போது ஈசிஜி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். துடிப்பு எப்படி நின்றது என்பதில்தான் கோளாறு எந்த வகை என்ற தடயம் இருக்கிறது.

தாளில் உறுதியானால், தொடை இடுக்கு நரம்பு வழியாகக் கம்பி செலுத்தி அந்தக் கூடுதல் பாதையைச் சூட்டால் கரிக்கும் அப்லேஷன் இருக்கிறது. இந்த வகைக் கோளாறில் 100-க்கு 95 பேருக்கு மேல் குணமாகிவிடுகிறது. ஏ.வி. கணுவே சேதமாகிப் பேஸ்மேக்கர் தேவைப்படும் அபாயம் சுமார் 1 சதவீதம் அல்லது அதற்கும் குறைவு. 34 வயதில் இன்னும் 40 வருடம் மாத்திரை சாப்பிடுவதைவிட இதுதான் மேல் என்பது எங்கள் கருத்து.

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. சிறு வயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து மைட்ரல் வால்வு சுருங்கியிருக்கிறது. இப்போது 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்று சொல்லி, ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மாதாமாதம் ஐ.என்.ஆர். பரிசோதனை (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்ற அளவு), கீரை சாப்பிடக் கூடாது என்று கெடுபிடி. பக்கத்து வீட்டு மாமாவுக்கும் இதே நோய்தான். ஆனால் டெஸ்டே தேவையில்லாத புது மாத்திரை சாப்பிடுகிறார். அம்மாவுக்கும் மாற்றலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: மாற்றக் கூடாது. நோயின் பெயர் ஒன்றாக இருந்தாலும் மாமாவின் இதயம் வேறு, அம்மாவின் இதயம் வேறு.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் மேலறைகள் சுருங்கி விரிவதில்லை, நடுங்குகின்றன. தேங்கும் ரத்தம் உறைந்து கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம். வால்வும் சுருங்கியிருந்தால் மேலறை வீங்கி, தேக்கம் பல மடங்காகும். ருமாட்டிக் வால்வு நோயாளிகளிடம் புது மாத்திரைகளில் ஒன்றான ரிவராக்சபானையும், வார்ஃபரின் வகைப் பழைய மாத்திரைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2022-இல் வெளியானது. 4,500-க்கும் மேற்பட்டோர் பங்கேற்றார்கள். பழைய மாத்திரை சாப்பிட்டவர்களிடையே மரணமும் பக்கவாதமும் குறைவாக இருந்தன. அசிட்ரோமும் அந்தப் பழைய வகைதான். உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும் இதே விதி.

கீரைக்கு வருவோம். கீரையிலுள்ள வைட்டமின் கே இந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும் என்பது உண்மை. அதற்காக நிறுத்த வேண்டியதில்லை, அளவு மாறாமல் இருந்தால் போதும். வாரம் இரண்டு நாள் முருங்கைக்கீரை என்றால் எல்லா வாரமும் இரண்டு நாள். ஒரு மாதம் கீரையே தொடாமல் இருந்து அந்த ஐ.என்.ஆர். கணக்கில் மாத்திரை அளவை நிர்ணயித்துவிட்டு, அடுத்த மாதம் ஊரிலிருந்து கீரைக்கட்டு வந்தது என்று தினமும் பொரியல் செய்தால்தான் சிக்கல்.

அம்மாவுக்கு ஐ.என்.ஆர். 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டும். 2-க்குக் கீழே ரத்தம் உறையும் அபாயம், 4-ஐத் தாண்டினால் கசியும் அபாயம். நிலையாக இருப்பவருக்கு நாலு வாரத்துக்கு ஒருமுறை போதும். ஆனால் நடுவில் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால், முக்கியமாக மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல், பூஞ்சைக்கான ஃப்ளுகனசோல், மூன்றிலிருந்து ஐந்து நாளுக்குள் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுவது கூடவே கூடாது, பாராசிட்டமால் போதும். "இடுப்பில் ஒரு ஊசி போட்டால் கேட்கும்" என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள், தசைக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளும்.

மாத்திரையை மறந்தால் அன்றிரவுக்குள் ஞாபகம் வந்தால் போடலாம். மறுநாள்தான் ஞாபகம் வந்தது என்றால் விட்டுவிடுங்கள், இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. இது 1, 2, 3, 4 மி.கி. என்று பல அளவுகளில் வருகிறது. மருந்துக் கடையில் வாங்கியதும் அட்டையைத் திருப்பி மி.கி. பாருங்கள். "ரத்தத்தை இளக்கத்தானே, ஆஸ்பிரின் போதாதா" என்றும் பலர் கேட்கிறார்கள். இந்த நோய்க்குப் போதாது.

கேள்வி: என் கைக்கடிகாரம் "துடிப்பு ஒழுங்கற்று இருக்கலாம்" என்று எச்சரிக்கிறது. நம்பலாமா?
– வாசகர், சென்னை

பதில்: எச்சரிக்கை என்ற அளவில் நம்புங்கள், முடிவு என்று நம்பாதீர்கள். பின்பக்கத்துப் பச்சை விளக்கு நாடியைத்தான் எண்ணுகிறது. பட்டை தளர்வாக இருந்தாலும் கை ஆடினாலும் தப்பாகும். விரலை வைத்து 30 நொடி ஈசிஜி எடுக்கும் வசதி இருந்தால் அதை எடுத்துச் சேமித்து மருத்துவரிடம் காட்டுங்கள், அது பயனுள்ளது. ஆனால் மாரடைப்பை அந்த ஒற்றைக் கோடு காட்டாது. நெஞ்சு வலிக்கும்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள்.

கேள்வி: வயது 41. இதயம் இடையிடையே ஒரு துடிப்பை விட்டுவிட்டு, அப்புறம் 'திடும்' என்று அடிக்கிறது. படுக்கும்போது அதிகம். ஹோல்டரில் 1,900 வி.பி.சி. என்று வந்திருக்கிறது. நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகர், கோவில்பட்டி

பதில்: இதயம் விட்டுவிடவில்லை. கீழறையிலிருந்து ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வருகிறது, அதைத்தான் வி.பி.சி. என்கிறார்கள். அது வலுவில்லாததால் உங்களுக்குத் தெரிவதில்லை. பிறகு வரும் இடைவெளியில் இதயம் கூடுதலாக நிரம்பி அடுத்த துடிப்பைப் பலமாக அடிக்கிறது, அந்தத் 'திடும்'தான் தெரிகிறது. இடது பக்கமாகப் படுத்தால் இதயம் மார்புச் சுவருக்கு நெருங்குவதால் இன்னும் நன்றாகத் தெரியும்.

ஒரு நாளில் இதயம் சுமார் 1 லட்சம் முறை துடிக்கிறது. 1,900 என்பது 2 சதவீதம்கூட இல்லை. 10 சதவீதத்தைத் தாண்டினால்தான் இதயத் தசை தளர்கிறதா என்று எக்கோவில் தொடர்ந்து பார்க்க வேண்டும். ஒருமுறை எக்கோ, ஹீமோகுளோபின், டி.எஸ்.எச். (தைராய்டு பரிசோதனை), பொட்டாசியம் பாருங்கள். மாடிப்படி ஏறும்போது மறைந்தால் பெரும்பாலும் நிம்மதி. ஏற ஏற அதிகமானாலோ மயக்கம் வந்தாலோ கதை வேறு, உடனே காட்ட வேண்டும். காபியை இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். வித்தியாசம் இல்லாவிட்டால் நிம்மதியாகக் குடியுங்கள். சளிக்குக் கடையில் வாங்கும் மூக்கடைப்பு மாத்திரையும் தூக்கமின்மையும் காபியைவிட மோசமான எதிரிகளாக இருக்கலாம்.

கேள்வி: அத்தைக்கு 72 வயது. இரண்டு முறை மயங்கி விழுந்தார். நாடி 38. பேஸ்மேக்கர் வைக்கச் சொல்கிறார்கள். வைத்த பிறகு செல்போன், இண்டக்ஷன் அடுப்பு எதையும் தொடக் கூடாதாமே?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: வைப்பதற்கு முன் ஒன்றைச் சரிபார்த்துவிடுங்கள். அவர் சாப்பிடும் எல்லா மருந்தையும், கண் சொட்டு மருந்து உட்பட, பையில் போட்டு மருத்துவரிடம் கொட்டிக் காட்டுங்கள். மெட்டோப்ரோலால், டில்டியாசெம், டிகாக்சின் ஆகியவை துடிப்பைக் குறைக்கும். கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டும் ரத்தத்தில் கலந்து இதே வேலையைச் செய்யும். அதை யாரும் மருந்து என்று கணக்கிலேயே சேர்ப்பதில்லை. சிறுநீரகக் கோளாறால் பொட்டாசியம் ஏறியிருந்தாலும் இப்படி ஆகலாம். இவை எதுவும் இல்லாமல், மேலறைக்கும் கீழறைக்கும் தொடர்பே அறுந்த 'கம்ப்ளீட் ஹார்ட் பிளாக்' என்று ஈசிஜி சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். அதற்கு மாத்திரை இல்லை.

மரத்துப்போகும் ஊசி போட்டு, காறை எலும்புக்குக் கீழே சிறிய பெட்டியை வைத்து, நரம்பு வழியாக வயரை இதயத்துக்குள் பொருத்துவார்கள். முதல் 4 முதல் 6 வாரம் அந்தப் பக்கக் கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. வயர் இடம் பெயரும். கொடியில் துணி காயப்போடுவதும் பரண் பாத்திரம் எடுப்பதும் மற்றவர்கள் வேலை. அதற்காகக் கையை உடம்போடு கட்டிவைத்தால் தோள் இறுகிவிடும், தோளுக்குக் கீழே சாதாரணமாக அசைக்கட்டும். விடாத விக்கல் வந்தால் வயர் நகர்ந்திருக்கலாம், காட்டுங்கள். தையல் இடம் சிவந்து வீங்கினால் அழைத்துப் போங்கள். நீங்களாக ஆன்டிபயாட்டிக் கொடுக்காதீர்கள்.

மிக்சி, கிரைண்டர், டிவி, மைக்ரோவேவ் எதற்கும் தடை இல்லை. செல்போனைப் பெட்டியிலிருந்து 15 செ.மீ. தள்ளி வைத்து, எதிர்ப்பக்கக் காதில் பேசினால் போதும். ரவிக்கைக்குள் செருகும் பழக்கத்தை மட்டும் விட வேண்டும். இண்டக்ஷன் அடுப்பிலிருந்து மார்பு 60 செ.மீ. தள்ளி இருக்கட்டும். ஆர்க் வெல்டிங் நடக்கும் இடம் வேண்டாம். எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்பது பெட்டியின் ரகத்தைப் பொறுத்தது. கொடுக்கும் அட்டையை எப்போதும் கைப்பையில் வைத்திருங்கள். பேட்டரி பொதுவாக 8 முதல் 12 வருடம் வரும். தீரும்போது பெட்டியை மட்டும் மாற்றுவார்கள், வயர் நன்றாக இருந்தால் அப்படியே இருக்கும்.

பலர் கேட்கத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். பேஸ்மேக்கர் இருந்தவரைத் தகனம் செய்வதற்கு முன் அதை எடுத்துவிட வேண்டும். சூட்டில் பேட்டரி வெடிக்கும். அடக்கம் செய்வதானால் தேவையில்லை.

கேள்வி: அண்ணன் மகன் (14) நீச்சலடிக்கும்போது மயங்கினான். வலிப்பு என்று ஒரு வருடம் மாத்திரை சாப்பிட்டான். இப்போதுதான் 'லாங் க்யூ.டி.' என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். குடும்பத்தில் மற்றவர்களும் பார்க்க வேண்டுமா?
– வாசகர், மதுரை

பதில்: கட்டாயம். ஈசிஜியில் க்யூ.டி. என்பது கீழறை ஒரு துடிப்பை முடித்து அடுத்ததற்குத் தயாராக எடுக்கும் நேரம். அது நீண்டுபோகும் இந்தக் கோளாறு பரம்பரையாக வரக்கூடியது. அவனுடைய அப்பா, அம்மா, உடன்பிறந்தோர் அனைவருக்கும் முதலில் ஈசிஜி. அண்ணன் வழியில் வந்திருந்தால் நீங்களும் எடுக்க வேண்டும். மெஷின் அச்சிடும் எண்ணை மட்டும் பார்க்காமல் மருத்துவர் கையால் அளந்து சொல்ல வேண்டும். துடிப்பின் வேகத்துக்கு ஏற்பத் திருத்திய க்யூ.டி. 480 மில்லி நொடியைத் தாண்டினால் சந்தேகம் வலு, 500 என்றால் ஆபத்து அதிகம். ஈசிஜி நார்மலாக இருந்தாலும் நோய் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. மரபணுப் பரிசோதனை அங்கேதான் உதவும்.

பையன் மருத்துவர் சொல்லாமல் நீச்சலுக்குப் போகக் கூடாது, பீட்டா பிளாக்கர் மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் அசித்ரோமைசின், டோம்பெரிடோன், ஆன்டன்செட்ரான், ஃப்ளுகனசோல் எல்லாம் க்யூ.டி.யை நீட்டும். இந்தப் பட்டியலைத் தாளில் எழுதி அவன் பள்ளிப் பையிலும் வீட்டு மருந்துப் பெட்டியிலும் ஒட்டுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் பொட்டாசியம் இறங்கும், அன்றே ஓ.ஆர்.எஸ். கொடுத்து ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.

கேள்வி: ஈசிஜி தாளை லேமினேட் செய்து வைத்தேன். முழுக்கக் கறுத்துவிட்டது. ஏன்?
– வாசகர், விருதுநகர்

பதில்: அது வெப்பத்தில் கறுக்கும் தாள், மெஷின் கோடு போடுவதே சூட்டால்தான். லேமினேஷன் சூடு மொத்தத் தாளையும் 'அச்சடித்து'விட்டது. பிளாஸ்டிக் உறையில் போட்டால் நேர்மாறு, சில மாதத்தில் கோடு மங்கும். எடுத்த அன்றே ஜெராக்ஸ் எடுங்கள், கட்டங்கள் தெளிவாகத் தெரியும்படி செல்போனில் படமும் எடுங்கள். தாளின் ஓரத்தில் தேதியோடு, "அப்போது படபடப்பு இருந்தது" அல்லது "இல்லை" என்று பேனாவால் எழுதிவையுங்கள்.