மாலையில் அடைத்துக்கொள்ளும் சி டிரைவ்

கேள்வி: என் லேப்டாப்பில் விண்டோஸ் 11, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி இருக்கின்றன. அலுவலக சாட் அப்ளிகேஷனை நாள் முழுக்கத் திறந்தே வைத்திருக்க வேண்டும். காலையில் சி டிரைவில் 20 ஜிபி காலியாக இருக்கிறது. மாலைக்குள் அது 9 ஜிபியாகக் குறைந்து, எதைத் தொட்டாலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ரீஸ்டார்ட் செய்தால் மறுபடி 18 ஜிபி காட்டுகிறது. டாஸ்க் மேனேஜரில் அந்த அப்ளிகேஷனுக்கு 1.3 ஜிபி மெமரிதான் காட்டுகிறது. ரேம் கூட்டினால் சரியாகுமா?

பதில்: ரீஸ்டார்ட் செய்ததும் 9 ஜிபி திரும்பி வருகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. சேமித்த படங்களோ வீடியோக்களோ ரீஸ்டார்ட்டில் காணாமல் போகாது. அப்படிப் போய் வருவது பெரும்பாலும் பேஜ்ஃபைல். ரேமில் இடம் போதாதபோது, அதில் இருப்பதில் ஒரு பகுதியை விண்டோஸ் எடுத்து ஒதுக்கிவைக்கும் ஃபைல் அது. சி டிரைவில் மறைவாக இருக்கும். அதன் அளவை விண்டோஸே பார்த்துக்கொள்ளும்படி விட்டிருந்தால், ரேமைப் போல மூன்று மடங்கு வரை வளரும். உங்கள் லேப்டாப்பில் 24 ஜிபி வரை போக வாய்ப்புண்டு. ஆக, மெமரி ஒரு கோளாறு, டிஸ்க் இன்னொரு கோளாறு என்று தேடாதீர்கள். இரண்டும் ஒன்றே.

அப்படியானால் 1.3 ஜிபி என்பது என்ன? டாஸ்க் மேனேஜரின் முதல் பக்கம், அந்த நொடியில் ரேமில் இருப்பதை மட்டுமே சொல்கிறது. பேஜ்ஃபைலுக்குத் தள்ளியது அந்தக் கணக்கில் வராது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ‘டீட்டெய்ல்ஸ்’ பக்கத்துக்குப் போங்கள். மேலே உள்ள தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து, ‘செலக்ட் காலம்ஸ்’ பட்டியலில் ‘கமிட் சைஸ்’ என்பதை டிக் செய்யுங்கள். அப்ளிகேஷன் கேட்டு வாங்கி வைத்திருக்கும் மொத்தம் அதில்தான் தெரியும். இன்றைய சாட் அப்ளிகேஷன்கள் பலவும் பிரவுசர் எஞ்சினில் ஓடுவதால், ஒரே பெயரில் ஐந்தாறு வரிகள் இருக்கலாம். எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்தில் மெமரிக்குக் கீழே ‘கமிட்டட்’ என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது பயன்பாட்டில் உள்ளது. இரண்டாவது உச்ச வரம்பு, அதாவது ரேமும் பேஜ்ஃபைலும் சேர்ந்தது. முதல் எண் நெருங்க நெருங்க, விண்டோஸ் பேஜ்ஃபைலைப் பெருக்கும். மாலையில் அந்த வரம்பே உயர்ந்திருந்தால் சந்தேகம் தீர்ந்தது.

இனி, இது கசிவா (வாங்கிய மெமரியை அப்ளிகேஷன் திருப்பித் தராமல் சேர்த்துக்கொண்டே போவது), வழக்கமான பசியா என்று பிரிக்க வேண்டும். ரீஸ்டார்ட் செய்து தொடங்குங்கள். ஷட் டவுன் செய்து திறப்பது போதாது. விண்டோஸ் சீக்கிரம் திறக்க உதவும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதி இயங்கினால் அது முழுத் தொடக்கம் ஆகாது. அப்ளிகேஷனைத் திறந்ததும் கமிட் சைஸைக் குறித்துக்கொண்டு, மணிக்கு ஒருமுறை பாருங்கள். ஏறி ஓர் இடத்தில் நின்றால் அது கேச், அதாவது வேகத்துக்காக அப்ளிகேஷன் கைவசம் வைத்திருப்பது; அதற்கு ரேம் கூட்டுவது பலன் தரும். நீங்கள் தொடாமல் மினிமைஸ் செய்து வைத்திருந்தும் ஏறிக்கொண்டே போனால் கசிவு. 16 ஜிபி போட்டாலும் திணறல் மாலைக்குப் பதில் இரவில் வரும், அவ்வளவுதான்.

கசிவு என்றால் முதலில் அப்ளிகேஷனை அப்டேட் செய்யுங்கள். அடுத்து, அதில் இணைத்திருக்கும் ஆட்-ஆன்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். திரையில் வரையும் வேலையைக் கிராஃபிக்ஸ் சிப்பிடம் கொடுக்கும் ஹார்டுவேர் ஆக்சலரேஷனையும் அப்ளிகேஷனின் செட்டிங்ஸில் ஒருநாள் அணைத்துப் பாருங்கள். எதிலும் நிற்கவில்லையென்றால், திருத்திய பதிப்பு வரும்வரை மதிய இடைவேளையில் ஒருமுறை மூடித் திறப்பதே நல்ல தற்காலிக வழி. பெருக்கல் குறியை அழுத்தினால் பல அப்ளிகேஷன்கள் கடிகாரத்துக்குப் பக்கத்தில் போய் ஒளிந்துகொள்ளும். அங்கே ரைட் கிளிக் செய்து ‘குவிட்’ கொடுத்தால்தான் மெமரியை விடும்.

பேஜ்ஃபைலை அணைத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள், செய்யாதீர்கள். டிஸ்க்கில் இடம் மிஞ்சும், ஆனால் வரம்பு முட்டியதும் அப்ளிகேஷன்கள் சேமிக்காத வேலையோடு விழும். ‘ரேம் பூஸ்டர்’ வகைக் கருவிகளும் வேண்டாம். அவை ரேமில் இருப்பதை வெளியே தள்ளி எண்ணைக் குறைத்துக் காட்டும். அடுத்த நிமிடமே விண்டோஸ் அதையெல்லாம் திரும்பக் கொண்டுவர வேண்டியிருக்கும். வேகம் இன்னும் குறையும்.

மிச்சம் அந்த 2 ஜிபி. ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் திரும்பாததால், அது உண்மையாகவே டிஸ்க்கில் எழுதப்பட்டது: இறக்கிய படங்கள், வீடியோக்கள் அல்லது லாக் (அப்ளிகேஷன் தன் செயல்களையும் பிழைகளையும் எழுதிவைக்கும் ஃபைல்). அப்ளிகேஷனின் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதி இருந்தால் அங்கிருந்தே கேச்சை அழித்து, அளவுக்கு வரம்பும் வையுங்கள். அப்ளிகேஷன்கள் தங்கள் ஃபைல்களை வைக்கும் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் போய்க் கையால் அழிக்காதீர்கள். உரையாடல்களின் டேட்டாபேஸும் அதற்குள்தான் இருக்கலாம். பெருப்பது லாக் ஃபைல் என்றால் அழிப்பதற்கு முன் அதன் கடைசி வரிகளைப் படியுங்கள். ஒரே பிழைச் செய்தி நொடிக்கு நொடி எழுதப்பட்டிருந்தால், அப்ளிகேஷனைத் தயாரித்தவர்களுக்கு அனுப்ப வேண்டிய வரி அதுதான்.