குழந்தைகளுக்கு விலங்குப் புத்தகம் எதை வாங்கலாம்? கேள்வி பதில்

சிறுவர் நூலகம் ஒன்றைக் கவனித்துக்கொள்கிறேன். விலங்குகள் வரும் புத்தகங்களைப் பற்றி எதுவும் கேட்கலாம் என்றிருந்தேன். வந்தவற்றுக்கு இங்கே பதில்.

மகளுக்கு ஒன்றரை வயது. எதில் ஆரம்பிக்கலாம்?

இந்த வயதில் புத்தகம் முதலில் வாய்க்குத்தான் போகும். கெட்டி அட்டை, பக்கத்துக்கு ஒரு விலங்கு, அவ்வளவு போதும். ஜன்னல் வழியாகப் பார்க்கிற காக்கா, அணில், பூனை, ஆடு இருந்தால் நல்லது. வரிக்குதிரை அப்புறம் வரட்டும். எரிக் கார்லின் பசித்த புழுக் கதை (1969) கிடைத்தால் விடாதீர்கள். புழு தின்ற பழங்களில் நிஜமாகவே ஓட்டை போட்டிருப்பார்கள். விரலை விட்டு விட்டு எடுப்பாள்.

மகனுக்கு ஏழு வயது. தோட்டத்தில் சாரைப்பாம்பைப் பார்த்ததிலிருந்து வெளியே போகவே மறுக்கிறான்.

ஜாய் விட்டேக்கர் எழுதி, சென்னை தூலிகா வெளியிட்ட ஒரு படக்கதை இருக்கிறது. காளி இருளர் வீட்டுப் பையன், அப்பா பாம்பு பிடிப்பவர். பள்ளியில் மற்ற பிள்ளைகள் அவனை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். ஒரு நாள் வகுப்புக்குள் சாரை நுழைந்துவிடுகிறது. எல்லோரும் அலற, காளி போய்ப் பிடிக்கிறான். “பயப்படாதே” என்று கதை எங்கேயும் உபதேசம் செய்யாது. பயப்படாத ஒரு பையனைக் காட்டும், அவ்வளவுதான்.

படித்து முடித்ததும் சாரைக்கு நஞ்சு கிடையாது, எலி தின்னும் என்று சொல்லுங்கள். அப்படியே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றியும் சொல்லலாம். 1978இல் தொடங்கியது, வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் இருக்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கிலிருந்தும் நஞ்செடுக்கிறார்கள். பாம்புக்கடிக்குப் போடும் மருந்து அதிலிருந்துதான் தயாராகிறது.

ஒரு எச்சரிக்கை: காளி பிடித்தான் என்று உங்கள் பையன் கை வைக்கக் கூடாது. விலகி நின்று பெரியவர்களைக் கூப்பிட வேண்டும். இதைச் சொல்லாமல் புத்தகத்தை மூடாதீர்கள்.

பஞ்சதந்திரம் நல்ல பதிப்பு எது?

படம் நன்றாக இருப்பது. ஒவ்வொரு கதைக்கும் அடியில் நீதியைக் கட்டம் கட்டிப் போட்டிருந்தால் வேண்டாம்.

விலங்குகள் பேசுகிற கதைகளை ஏன் சிபாரிசு செய்கிறீர்கள்? அறிவியல் வளர வேண்டிய வயதில் பொய் சொல்லிக்கொடுக்கலாமா?

நரி பேசாது என்று நான்கு வயதுக் குழந்தைக்கே தெரியும். ஏமாறுவது “உண்மைச் சம்பவம்” என்று போட்ட புத்தகத்தில்தான். அமெரிக்காவில் இதற்காகப் பெரிய சண்டையே நடந்தது. வில்லியம் லாங் என்ற பாதிரியார், உள்ளான் வகைப் பறவை ஒன்று தன் ஒடிந்த காலுக்குக் களிமண்ணால் தானே மாவுக்கட்டு போட்டுக்கொண்டது, கண்ணால் கண்டேன் என்று எழுதினார். இந்த மாதிரி எழுத்தை இயற்கை எழுத்தாளர் ஜான் பரோஸ் 1903இல் கிழித்தெடுத்தார். 1907இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டே பெயர் சொல்லித் திட்டினார்.

கிப்ளிங்கின் கீரிக் கதையை (1894) எடுத்துக்கொள்ளுங்கள். கீரி பேசும், நாகம் பேசும், சுண்டெலி மாதிரி ஒன்று அழும். ஆனால் கடிபட்ட கீரி மூலிகை தின்று பிழைக்கும் என்பது உண்மையல்ல, கண்ணும் காலும் வேகமாக இருப்பதால்தான் ஜெயிக்கிறது என்று கதைக்குள்ளேயே சொல்லிவிடுகிறார். பேசும் கீரிக் கதை மூடநம்பிக்கையைத் திருத்துகிறது, “கண்டேன்” என்ற பாதிரியார் கதை விட்டிருக்கிறார். எதைக் கொடுப்பீர்கள்?

அதே கதையில் பெண் நாகம் பழிவாங்க வருகிறதே, அது அறிவியலா?

இல்லை. நல்ல பிடி. பாம்பு பழிவாங்காது. அந்தப் பக்கம் வரும்போது நிறுத்திச் சொல்லிவிட்டுத் தொடருங்கள். நம் சினிமாவுக்கும் சேர்த்துச் சொன்ன மாதிரி இருக்கும்.

கீரி மூலிகை தின்றதை எங்கள் தாத்தா நேரிலேயே பார்த்திருக்கிறார். நீங்கள் எப்படி இல்லை என்கிறீர்கள்?

தாத்தா பார்த்தது கீரி செடிப்பக்கம் ஓடியதை. மூலிகை என்பது அவர் சேர்த்தது. கீரியின் தசையில் நாக நஞ்சு ஒட்டிக்கொள்ள வேண்டிய இடத்தின் அமைப்பே கொஞ்சம் மாறியிருக்கிறது. நஞ்சு சரியாக ஒட்டாது, அதனால் ஓரளவு தாங்கும். செடிக்கு இதில் வேலை இல்லை. இன்னும் நான்கு பேர் தாத்தா, பெரியப்பா கதையோடு வந்திருக்கிறீர்கள். எல்லோருக்கும் இதே பதில்தான்.

எங்கள் பாப்பாவுக்கு ஒன்றே முக்கால் வயது. என்ன வாங்க?

முதல் பதில்.

கிளிக் கதை படித்துவிட்டு மகள் பச்சைக்கிளி வளர்க்க வேண்டும் என்கிறாள்.

கூடாது. நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இதனால்தான் காட்டுக் குஞ்சை வீட்டுக்குத் தூக்கி வந்து வளர்க்கிற கதைகளை நான் வாங்குவதே இல்லை.

பிடிஎஃப் அனுப்ப முடியுமா?

முடியாது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழிலேயே இலவசமாக நிறைய இருக்கிறது, சட்டப்படியே இறக்கிக்கொள்ளலாம்.

விலங்கு செத்துப்போகிற கதையைப் பத்து வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், பொய்யில்லாமல் எழுதியிருந்தால். ஈ. பி. ஒயிட்டின் சிலந்திக் கதையில் (1952) சார்லட் முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகிறாள். அந்த இனச் சிலந்தி அப்படித்தான், முட்டைப்பை பின்னியபின் அதிக நாள் இருக்காது. ஒயிட் சிலந்திகளைப் பற்றிப் படித்துவிட்டு எழுதியவர், சோகம் வேண்டும் என்று அவளைச் சாகடிக்கவில்லை. இரவில் தூங்கும் நேரத்தில் மட்டும் அந்த அத்தியாயம் வேண்டாம், பகலில் படியுங்கள். பிள்ளை கேள்வி கேட்கும்.

டைனோசர் புத்தகம்?

என் பாடமில்லை. வேறு யாரையாவது கேளுங்கள்.

நல்ல பஞ்சதந்திரம் எதுங்க?

மேலே.

கீரிக் கதையைப் படித்துக் காட்டினேன். இப்போது கீரி வளர்க்கணும் என்கிறான் மகன்.

கிளிக்குச் சொன்ன அதே சட்டம்தான்.